கியூபிசமும் அரூப ஓவியத்தின் தோற்றமும்

கியூபிசம் என்பது 1907 முதல் 1914 வரையான காலத்தில் பாரிசு நகரில் பாப்லோ பிக்காசோ, ஜார்ஜ் பிராக் ஆகிய இரு ஓவியர்களால் உருவாக்கப்பட்ட ஓவியப் பாணி ஆகும். தமிழில் இதனைக் கனசதுரவாதம் எனலாம். ஓரிடத்தில் நின்று ஒரு பொருளைப் பார்ப்பது போல வரையும் ஐரோப்பிய மரபை இப்பாணி கைவிட்டது. இதன் தாக்கத்தால், எந்தப் பொருளையும் சுட்டாத அரூப ஓவியம் பல நாடுகளில் பிறந்தது. எனினும் கியூபிசமும் அரூப ஓவியமும் ஒன்றல்ல. கியூபிசத்தைத் தோற்றுவித்த இருவரும் அரூபத்தின் எல்லை வரை சென்று, அதைக் கடக்க மறுத்தவர்கள். கடந்தவர்கள் வேறு சிலர்.

பின்னணி

15 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்சு நகரில் இயலுறு தோற்ற முறை வகுக்கப்பட்டது. பார்ப்பவரின் கண் ஒரு புள்ளியில் நிலைத்திருப்பதாகவும், இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகவும் கொண்டு வரையும் முறை இது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஐரோப்பிய ஓவியர்கள் இதையே இயற்கையின் விதி போலப் பின்பற்றினர்.

இம்மரபை உள்ளிருந்தே தளர்த்தியவர் பிரெஞ்சு ஓவியர் போல் செசான். அவர் வரைந்த மேசைகளின் விளிம்புகள் துணிக்கு இருபுறமும் நேர்கோட்டில் பொருந்துவதில்லை. ஒரு கூடை பக்கவாட்டிலிருந்தும், அதனருகில் உள்ள குவளை மேலிருந்தும் பார்க்கப்பட்டது போல இருக்கும். இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகிய வடிவங்களின் வழியே அணுகுமாறு 1904 இல் எமில் பெர்னார் என்ற இளம் ஓவியருக்கு அவர் கடிதம் எழுதினார். அப்பட்டியலில் கனசதுரம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. செசான் 1906 இல் இறந்தார். அடுத்த ஆண்டு பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவரது 56 படைப்புகள் ஒருசேர வைக்கப்பட்டன. பாரிசின் இளம் ஓவியர்களிடையே அக்கண்காட்சி பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது.

தொடக்கம்

1907 இல் பிக்காசோ 'அவிஞோன் நங்கையர்' என்னும் ஓவியத்தை வரைந்தார். ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரமும் 2.3 மீட்டர் அகலமும் கொண்ட இத்துணியில் ஐந்து பெண்கள் உள்ளனர். உடல்கள் கூரிய தளங்களாக வெட்டப்பட்டுள்ளன. வலப்புற இருவரின் முகங்கள் முகமூடிகள் போல உள்ளன. பண்டைய ஐபீரியச் சிற்பங்களும், பாரிசின் திரோக்கதேரோ அருங்காட்சியகத்தில் அவர் கண்ட ஆப்பிரிக்க முகமூடிகளும் இதற்குத் தூண்டுதலாக இருந்தன. அம்முகமூடிகளைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தக் கலை வரலாற்றிலும் பதியப்படவில்லை. நண்பர்களே அதிர்ச்சியடைந்த இவ்வோவியம் 1916 இல்தான் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1939 முதல் இது நியூயார்க்கு நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிராக் 1908 கோடையில் தென் பிரான்சின் லெஸ்தாக் என்ற ஊரில் இயற்கைக் காட்சிகளை வரைந்தார். அவற்றில் உள்ள வீடுகளுக்குக் கதவும் இல்லை, சன்னலும் இல்லை. வானமும் இல்லாமல் அவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இலையுதிர்காலக் கண்காட்சி இவற்றை ஏற்கவில்லை. எனவே ஜெர்மானிய வணிகர் டேனியல்-ஹென்றி கான்வைலர் தம் சிறிய காட்சிக்கூடத்தில் அவற்றை அதே ஆண்டு நவம்பரில் வைத்தார். அதைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், பிராக் எல்லாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்கிவிட்டார் என எழுதினார். ஏளனமாகச் சொல்லப்பட்ட அச்சொல்லே இயக்கத்தின் பெயராயிற்று. பாவிசம் என்னும் முந்தைய இயக்கத்தின் பெயரும் இதே விமர்சகரின் ஏளனத்திலிருந்து வந்ததாகும்.

பகுப்பாய்வுக் கியூபிசம்

1909 முதல் 1912 வரையான கட்டம் பகுப்பாய்வுக் கியூபிசம் எனப்படுகிறது. பிக்காசோவும் பிராக்கும் நாள்தோறும் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்து விவாதித்தனர். ஓவியத்தின் முன்புறத்தில் கையொப்பமிடுவதைத் தவிர்த்தனர். இக்காலத்து ஓவியங்கள் சிலவற்றை யார் வரைந்தது எனப் பிரித்தறிவது இன்றும் எளிதல்ல.

பொறியியல் வரைபடத்தில் ஒரு பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் ஆகியவை ஒரே தாளில் தனித்தனியே தரப்படும். கியூபிச ஓவியத்தை விளக்க இந்த உவமை ஓரளவுக்கே உதவும். வரைபடத்திலிருந்து பொருளை மீண்டும் உருவாக்க முடியும். கியூபிச ஓவியத்திலோ தோற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. ஒரு தளம் எங்கு முடிகிறது, அடுத்தது எங்கு தொடங்குகிறது என்பது வேண்டுமென்றே தெளிவற்றதாக விடப்படுகிறது. வடிவத்திலிருந்து கவனம் சிதறாதிருக்க வண்ணங்களும் பழுப்பு, சாம்பல் என்ற அளவில் சுருக்கப்பட்டன.

1910 கோடையில் ஸ்பெயினின் கடக்கேஸ் ஊரில் பிக்காசோ வரைந்தவை அரூபத்திற்கு மிக நெருங்கியவை. தலைப்பு இன்றி அவற்றில் உள்ள பொருளை அடையாளம் காண்பது அரிது. ஆனால் அவர் அவற்றில் நிறைவின்றிப் பாரிசு திரும்பினார் எனக் கான்வைலர் பதிவு செய்துள்ளார். அதன்பின் வரைந்த கான்வைலரின் உருவ ஓவியத்தில், சிதறிய தளங்களுக்கு நடுவே கோத்த கைகள், கடிகாரச் சங்கிலி, வாரிய தலைமயிர் ஆகிய சிறு குறிப்புகளைப் பிக்காசோ சேர்த்தார். பார்ப்பவர் இவற்றைப் பிடித்துக்கொண்டு மனிதரைக் கண்டடையலாம். பிராக் 1911 இல் 'போர்த்துக்கீசியர்' என்னும் ஓவியத்தில் அச்செழுத்துகளைப் பதித்ததும் இத்தகைய குறிப்பே. எழுத்து தட்டையானது; அது ஓவியத்தின் பரப்பும் தட்டையானதே என நினைவூட்டுகிறது.

தொகுப்புக் கியூபிசம்

1912 மே மாதம் பிக்காசோ ஒரு சிறு ஓவியத்தில், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி, சட்டத்திற்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். செப்டம்பரில் பிராக், மரத்தின் இழை அச்சிடப்பட்ட சுவர்த்தாளை ஒரு கடையில் வாங்கி, வெட்டித் தம் கரிக்கோட்டு ஓவியத்தில் ஒட்டினார். பிராக் வீடுகளுக்கு வண்ணம் பூசும் குடும்பத்தில் பிறந்து அத்தொழிலைப் பயின்றவர். போலி மர இழை அவருக்குக் கைவந்த சரக்கு. இவ்வாறு ஒட்டுச்சித்திரம் உயர்கலையாக ஏற்கப்பட்டது. பொருளை உடைத்துப் பார்ப்பதற்கு மாறாக, துண்டுகளைச் சேர்த்துப் பொருளை அமைப்பதால் இக்கட்டம் தொகுப்புக் கியூபிசம் எனப் பெயர் பெற்றது. வண்ணங்களும் திரும்பின. ஸ்பானியரான ஜுவான் கிரிஸ் இக்கட்டத்தின் மூன்றாவது முதன்மை ஓவியர்.

பொதுமக்களும் எதிர்ப்பும்

பிக்காசோவும் பிராக்கும் இக்காலத்தில் பாரிசின் பெரிய கண்காட்சிகளில் பங்கேற்கவில்லை. ஆகவே பொதுமக்கள் அறிந்த கியூபிசம் ஆல்பர் கிளேஸ், ழான் மெட்சின்ஜே, பெர்னான் லெஜே, ராபர்ட் டெலோனே முதலியோருடையது. 1911 இல் இவர்கள் சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் ஒரே அறையில் தம் படைப்புகளை வைத்தது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1912 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே இது விவாதிக்கப்பட்டது. அரசுக்கு உரிய மாளிகையில் இத்தகைய ஓவியங்களை அனுமதிக்கலாமா என ஓர் உறுப்பினர் கேட்டார். மார்செல் செம்பா என்னும் உறுப்பினர், பிடிக்காத ஓவியத்தைப் பார்க்காமல் விலகலாம், காவலரை அழைக்கத் தேவையில்லை என்ற பொருளில் விடையளித்தார்.

ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டிலிருந்து கியூபிசம் தோன்றியது என்ற கூற்று பரவலாகக் காணப்படுகிறது. இதற்குச் சான்று இல்லை. மோரிஸ் பிரன்சே என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் ஓவியர்களிடையே நான்காம் பரிமாணம் பற்றிப் பேசியது உண்மை. ஆனால் கணிதத்தைக் கொண்டு கியூபிசத்தை விளக்கும் முயற்சிகளைப் பிக்காசோ 1923 இல் வெளிப்படையாகவே நிராகரித்தார்.

அரூபத்தை நோக்கி

டச்சு ஓவியர் பீத் மொண்ட்ரியான் 1911 இல் ஆம்ஸ்டர்டாமில் கியூபிச ஓவியங்களைக் கண்டார். விரைவில் பாரிசு சென்று குடியேறினார். அவரது மர ஓவியங்களை வரிசையாகப் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். முதலில் கிளைகள் வளைகோடுகள் ஆகின்றன. பின்னர் வளைகோடுகள் வலையாகின்றன. இறுதியில் மரம் மறைந்து வலை மட்டும் எஞ்சுகிறது. 1914 இல் தாயகம் சென்றிருந்தபோது போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. கடலையும் அலைதாங்கியையும் குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகளாக அங்கு வரைந்தார். கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும் கொண்ட அவரது புகழ்பெற்ற பாணி 1920 களின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. கியூபிசம் தன் கண்டுபிடிப்புகளின் தருக்க முடிவை ஏற்கவில்லை என்பது மொண்ட்ரியானின் குறை. பொருளின்றித் தொடங்கும் ஓவியமே கிடையாது என்பது பிக்காசோவின் நிலை. இருவருமே தம் கருத்தை இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

ரஷ்யாவில் வணிகர் செர்கேய் சுக்கின் பிக்காசோவின் ஓவியங்களில் ஏறத்தாழ 50 ஐ வாங்கி, மாஸ்கோவில் உள்ள தம் மாளிகையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். இளம் ரஷ்ய ஓவியர்கள் பாரிசு செல்லாமலே கியூபிசத்தை இங்கு கற்றனர். காசிமிர் மாலெவிச் 1915 டிசம்பரில் பெத்ரோகிராடு நகரக் கண்காட்சியில் தம் 'கறுப்புச் சதுரம்' ஓவியத்தை, வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் மூலையில் மாட்டினார். வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவே. 2015 இல் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடம் அதை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, கறுப்பு வண்ணத்தின் அடியில் இரண்டு வண்ணப் படங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் முந்தையது கியூபிசச் சாயல் கொண்ட ஓவியம் ஆகும்.

பாரிசில் டெலோனே வண்ணங்களின் முரணை மட்டுமே கொண்டு 1912 இல் 'சன்னல்கள்' வரிசையையும், அடுத்த ஆண்டு வட்டத் தகடு ஒன்றையும் வரைந்தார். கவிஞர் அப்போலினேர் இதற்கு ஓர்பிசம் எனப் பெயரிட்டார். செக் நாட்டவரான பிரான்டிசெக் குப்காவின் அரூப ஓவியங்கள் 1912 இலேயே காட்சிக்கு வந்தன.

எல்லா அரூப ஓவியமும் கியூபிசத்தின் வழி வந்ததல்ல. மியூனிக்கில் வாழ்ந்த வசீலி கண்டின்ஸ்கி இசையிலிருந்தும் வண்ணத்தின் ஆன்மிகப் பொருளிலிருந்தும் அங்கு வந்தடைந்தார். சுவீடனின் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906 இலேயே உருவமற்ற ஓவியங்களை வரையத் தொடங்கியிருந்தார். அவை தம் மறைவுக்குப் பின் 20 ஆண்டுகள் கழித்தே காட்டப்பட வேண்டும் என விரும்பினார். அவர் 1944 இல் இறந்தார். அவரது பெயர் 1986 க்குப் பின்னரே உலகக் கலை வரலாற்றில் இடம்பெறத் தொடங்கியது. முதல் அரூப ஓவியர் யார் என்ற கேள்விக்குப் பழைய பாடநூல்கள் கண்டின்ஸ்கி எனத் தரும் விடையை இதனால் அப்படியே ஏற்க இயலாது.

போரும் பின்னரும்

1914 இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் பிராக் படைக்குச் சென்றார். 1915 இல் தலையில் கடும் காயமடைந்தார். நீண்ட சிகிச்சைக்குப் பின்னரே மீண்டும் வரைய முடிந்தது. இரு நண்பர்களின் கூட்டு முயற்சி அத்துடன் முடிந்தது. கான்வைலர் ஜெர்மானியர் என்பதால் அவரது ஓவியங்கள் பகைநாட்டவர் உடைமையாகப் பறிமுதல் செய்யப்பட்டு, 1921 முதல் 1923 வரை நான்கு ஏலங்களில் விற்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கியூபிச ஓவியங்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததால் விலை வீழ்ந்தது.

தெற்காசியாவில் கல்கத்தாவின் ககனேந்திரநாத் தாகூர் 1920 களில் கியூபிசத் தளங்களைக் கொண்டு ஒளியும் நிழலும் நிறைந்த கற்பனை மாளிகைகளை வரைந்தார். இலங்கையில் 1943 இல் தோன்றிய '43 குழு'வைச் சேர்ந்த ஜார்ஜ் கீற், கியூபிசத்தின் உடைந்த கோட்டைக் கீழைத்தேயச் சிற்ப, சுவரோவிய மரபின் வளைவுகளோடு இணைத்தார். இவர்கள் இருவருமே உருவத்தைக் கைவிடவில்லை.