அருகும் வேம்பும்

பங்குனி சித்திரையில் வேம்பு பூத்துக் குலுங்குகிறது. உதிர்ந்த பூவைக் கூட்டியெடுத்து ரசமும் வைக்கிறோம். அதன் அடியில் படரும் அருகம்புல்லும் பூக்கிறது என்றால் நகைப்போர் உண்டு. நெல் பூப்பதை உழவர் நன்கறிவர். எனினும் காட்டுப் புல்லின் பூவைப் பூவென்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை.

புல்லையும் மரத்தையும் பிரித்துக் காட்டிய பழையோருள் தொல்காப்பியரும் ஒருவர். வெளிப்புறம் வைரம் பாய்ந்தால் புல், உட்புறம் பாய்ந்தால் மரம் என்பது மரபியல் தரும் இலக்கணம். இதன்படி மூங்கிலும் பனையும் புல்லாகின்றன. மூங்கில் புல்லே என்று இன்றைய தாவரவியலும் ஒப்புகிறது. பனையையும் அது புல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. கூர்மையான நோக்குத்தான்! ஆயினும் அது தண்டைக் கண்ட நோக்கு, பூவைக் கண்டதன்று.

பூவின் உயிர்நிலை எது என்பதை 1694-இல் ஜெர்மானியரான கமராரியுஸ் விளக்கினார். ஆமணக்கில் ஆண்பூக்களைக் களைந்தார், மக்காச்சோளக் கதிரின் பட்டிழைகளை நறுக்கினார், விதை பிடிக்கவில்லை. மக்காச்சோளமும் ஒரு புல்லே என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இதழும் மணமும் இல்லாமலே பூ தன் கடமையைச் செய்யும் என்பது இவ்வாறு புலனாயிற்று.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் மகரந்தத்தாள்களை எண்ணியே தாவரங்களை வகுத்தார். வேம்புக்குப் பத்து, அருகுக்கு மூன்று. வேம்பு தன் வெள்ளைப் பூவின் மணத்தால் பூச்சிகளை அழைக்கிறது. அருகு எவரையும் அழைப்பதில்லை. விரல்கள்போல் விரியும் அதன் கதிர்களில் ஊதாநிறச் சூல்முடிகள் இறகுபோல் நீண்டு, காற்று கொணரும் மகரந்தத்தை ஏந்திக்கொள்கின்றன. லின்னேயஸின் ஏட்டில் இரண்டும் பூக்கும் தாவரங்களே. பெருமை சிறுமை அங்கே இல்லை.

ஆனால் எண்ணிக்கை ஒன்றையே நம்பியதால் அவர் இடறியதும் உண்டு. ஆறு மகரந்தத்தாள்கள் உள்ள நெல், தன் புல்லினச் சுற்றத்தைப் பிரிந்து வேறொரு வகுப்பில் போய் அமர்ந்தது! பிரெஞ்சு நாட்டு ஜுசியு, 1789-இல் வித்திலை முதலிய பல பண்புகளை ஒருங்கே நோக்கிப் புல்லினத்தை ஒரே குடும்பமாக நிறுத்தினார். லின்னேயஸ் மலைவேம்பின் பேரினத்தில் சேர்த்திருந்த வேம்புக்கு, பாரசீகச் சொல்லால் அமைந்த இன்றைய தனிப்பெயரை 1830-இல் சூட்டியவர் அந்த ஜுசியுவின் மகன்.

வேப்பம்பூவைக் காண அண்ணாந்து பார்த்தால் போதும். அருகின் பூவுக்குக் குனிய வேண்டும். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும்.