வாப்பாமார் காலத்தில் இல்லாதது



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற மாதம் எங்கள் மஹல்லாவில் ஒரு பேச்சு வந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பெண்பிள்ளைகளுக்கு, மஃரிபுக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் வகுப்பு நடத்தலாமா என்று ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கேட்டோம். "வாப்பாமார் காலத்தில இல்லாதது. மார்க்கத்துக்குச் சரிவராது" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வாப்பாமார் காலம் ஒன்று, மார்க்கம் இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் எங்கள் மனதை உறுத்தியது.

இது புதிய வாதமல்ல. அறிஞர் சித்தி லெப்பையும் கேட்ட வாதம்தான்.

1838இல் கண்டியில் பிறந்தவர் அவர். தொழிலால் சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 'அசன்பே சரித்திரம்' எழுதியவரும் அவரே. ஆனால் அவர் விடாமல் தட்டிய கதவு கல்விதான். நம் பிள்ளைகள் அரபும் தமிழும் படிப்பதோடு ஆங்கிலமும் படிக்க வேண்டும், பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார். பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்பதுதான் அன்றைய பயம்.

அந்தப் பெரியவர்களை இன்று பழிப்பது சுகம். நாங்களும் மாணவர்களாக இருந்தபோது அப்படித்தான் பேசினோம். பிறகு வரலாற்றைப் படித்தபோதுதான் அவர்களுடைய பயம் வீண்பயமல்ல என்று விளங்கியது. ஒல்லாந்தர் காலத்தில் பள்ளிக்கூடமும் தேவாலயமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆங்கிலேயர் காலத்திலும் நல்ல ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையின் தீனைக் காப்பாற்றத்தான் வாப்பாவும் உம்மாவும் கதவைப் பூட்டினார்கள்.

இதே பயம் மற்றச் சமூகங்களுக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். 1880இல் ஒல்கொட் வந்த பிறகு பௌத்தர்கள் சொந்தப் பாடசாலைகள் கட்டினார்கள். ஆனந்தாக் கல்லூரி 1886இல் பிறந்தது. அவர்களும் பயந்தார்கள், ஆனால் பயத்தைக் கொண்டு பாடசாலை கட்டினார்கள். நம்மில் பலர் பூட்டோடு நின்றுவிட்டோம். பூட்டியவர்கள் மௌத்தானார்கள். எதற்காகப் பூட்டினார்கள் என்ற காரணமும் அவர்களோடு போய்விட்டது. பூட்டு மட்டும் பிள்ளைகளின் கைக்கு வந்தது, அதுவே மார்க்கம் என்ற பெயரோடு.

சித்தி லெப்பையின் ஆரம்ப முயற்சிகள் நிலைக்கவில்லை. அவர் ஓயவுமில்லை. 1892இல் மருதானையில் அல்-மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா திறக்கப்பட்டது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கே வந்த ஒராபி பாஷா அந்த முயற்சிக்குத் துணை நின்றார். இன்னொருவர் வாப்பிச்சி மரைக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய அதே மரைக்கார்தான், 1829இல் பிறந்தவர். அதாவது சித்தி லெப்பையைவிட ஒன்பது வயது மூத்தவர். புதுமைக்குத் தோள் கொடுத்தவர்களிலும் தலை நரைத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மார்க்கத்துக்கே வருவோம். பத்ரில் கலந்துகொண்ட மூத்த ஸஹாபாக்கள் இருக்கும் சபைக்கு உமர் (ரழி) அவர்கள் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களையும் அழைப்பார்கள். இவர் வயதில் எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சபையில் மனக்குறை எழுந்தது. உமர் (ரழி) வாதாடவில்லை. ஸூரதுந் நஸ்ரின் கருத்து என்ன என்று எல்லோரிடமும் கேட்டார்கள். வெற்றி வரும்போது அல்லாஹ்வைப் புகழ்ந்து பாவமன்னிப்புத் தேடச் சொல்கிறது என்றார்கள் சிலர். சிலர் பேசாமல் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் மறைவு நெருங்கியதை அல்லாஹ் அவர்களுக்கு அறிவித்த ஸூரா அது என்றார் இளைஞர். நானும் அப்படித்தான் அறிந்திருக்கிறேன் என்றார்கள் உமர் (ரழி). ஸஹீஹுல் புஹாரியில் வரும் செய்தி இது. இளைஞர் சரியாகச் சொன்னார் என்பதை மட்டுமே நாம் பெரிதாகப் பேசுகிறோம். சபை நடத்திய மூத்தவர் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரும் வயதானவர்தானே.

இதை வாசித்துவிட்டு, பத்து நிமிட வீடியோ பார்த்து பத்வா கொடுக்கும் தம்பிமார் சந்தோஷப்பட வேண்டாம். இப்னு அப்பாஸ் (ரழி) மூத்த ஸஹாபாக்களின் வாசலில் காத்திருந்து இல்மைத் தேடியவர்.

மஃரிப் வகுப்பு விஷயத்தை நாங்கள் விடவில்லை. மஹல்லாவிலேயே வயதில் மூத்த ஒரு அப்பாவிடம் போய், அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை மஃரிபுக்குப் பிறகு ஏன் வெளியே விடவில்லை என்று கேட்டோம். சிரித்தார்.

"அப்ப ஊருக்குக் கரண்ட் இல்ல மகன். பள்ளி ரோட்டுல பாம்பு. அரிக்கன் லாம்பு பிடிச்சிக்கொண்டுதான் நாங்களே இஷாவுக்குப் போவோம். பொறகு சண்டைக் காலம் வந்திச்சி, ஊரடங்கு. எந்தப் புள்ளய வெளிய உடுற?"

இப்போது அந்த ரோட்டில் எட்டு லைட் எரிகிறது. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு அந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பேத்திக்கும் இந்த வருடம்தான் பரீட்சை.