பாலவனத்தம் ஜமீனும் பி.பி.சி. கம்ப்யூட்டரும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு, வேலிக்கருவை, மழைக்காகக் காத்துக் கிடக்கும் கண்மாய். நடுவழியில் கண்டக்டர் குரல் கொடுப்பார்: ‘‘பாலவனத்தம் எல்லாம் இறங்கு!’’

இந்த ஊரின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். அவரை இப்போது இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் கதை கேட்டுவிடுங்கள்.

1984-85-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மின்னணுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து நடத்திய திட்டம். பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழக வேண்டும், அதைப் பற்றிய பயமும் பிரமிப்பும் போக வேண்டும் என்பது நோக்கம். பாலவனத்தம் அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம். டி.வி. பெட்டியே அபூர்வமாக இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கேட்க வேண்டுமா!

வந்த மெஷின், பிரிட்டனில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ‘ஏகார்ன்’ கம்பெனி உருவாக்கிய பி.பி.சி. மைக்ரோ. பி.பி.சி. என்றால், ரேடியோ செய்தி வாசிக்கும் அதே பி.பி.சி.தான். மக்களுக்கு டி.வி. மூலம் கம்ப்யூட்டர் சொல்லித்தர நினைத்த அந்த நிறுவனம், தன் நிகழ்ச்சிக்குப் பொருத்தமான ஒரு மெஷினைத் தேடியது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு இளைஞர்களின் மூளையில் உருவான மெஷின் 1981 டிசம்பரில் வெளிவந்தது. பி மாடலின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 32 கிலோபைட்! நீங்கள் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவை அதற்குள் அடைக்க முடியாது. புரோகிராமைச் சாதாரண ஆடியோ கேசட்டில்கூடப் பதிந்து வைக்கலாம்.

சின்ன மெஷின்தான். ஆனால், கணக்கு வாத்தியார் மட்டும் மனசு வைத்தால் அது என்னவெல்லாம் செய்திருக்கும்!

‘லோகோ’ என்று ஒரு மொழி. 1967-ல் அமெரிக்காவில் சேமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் குழந்தைகளுக்காகவே உருவாக்கியது. பி.பி.சி. மைக்ரோவிலும் ஓடும். திரையில் ஓர் ‘ஆமை’ இருக்கும். ‘நூறு அடி நட, வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு’ என்று நான்கு தடவை சொன்னால் சதுரம் போட்டுவிடும். சரி, முக்கோணம்? ‘மூணு பக்கமும் சமமாக இருந்தால் ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி’ என்று மனப்பாடம் செய்த பையன், 60 திரும்பு என்று மூன்று தடவை சொல்வான். ஆமை முக்கோணம் போடாமல், ஒரு அறுகோணத்தில் பாதியைப் போட்டுவிட்டு நிற்கும்! பையன் முழிப்பான். பிறகு எழுந்து தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்ப்பான். அப்போதுதான் உறைக்கும். முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் கோணம் வேறு, மூலையில் தான் திரும்ப வேண்டிய கோணம் வேறு. அது 120. எந்த உருவமானாலும் ஒரு சுற்று முழுசாக வந்தால் மொத்தத் திருப்பம் 360. பிரம்படி இல்லாமல், சிவப்பு மையில் சுழி இல்லாமல், தப்பே அவனுக்கு வாத்தியாராகிவிட்டது!

விஞ்ஞானத்துக்கும் வழி இருந்தது. மெஷினின் பின்புறம் ஒரு சொருகுவாய் உண்டு. அதில் வெப்பத்தை உணரும் ஒரு சின்னக் கருவியை மாட்டி வெந்நீருக்குள் விட்டால், நீர் ஆற ஆறத் திரையில் கோடு தானாக வளரும். முதலில் மளமளவென்று இறங்கும், போகப் போகத் தயங்கும். நியூட்டனின் குளிர்வு விதி கண்ணெதிரே! தெர்மாமீட்டரை ஒருத்தன் பிடிக்க, இன்னொருத்தன் எழுத, கிராஃப் தாளில் புள்ளி வைப்பதற்குள் பெல் அடித்துவிடும் லேப் பீரியடோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடந்தது என்ன? அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேளுங்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போக முடியும். ஒரு மெஷினைச் சுற்றி ஒரு கும்பல். முன்னால் நிற்பவன் கை வைப்பான், பின்னால் நிற்பவன் அவன் முதுகைப் பார்ப்பான். ஆசிரியர்களுக்குக் கிடைத்தது சில வாரப் பயிற்சி. மென்பொருளும் ஆங்கிலம், கையேடும் ஆங்கிலம். கம்ப்யூட்டரால் கணக்குச் சொல்லித்தருவதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லித்தருவதிலேயே பீரியட் முடிந்துபோயிற்று.

1990-91 வரை 2,598 பள்ளிகள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தன. அடுத்த ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் பி.பி.சி.யை விட்டுவிட்டு, இன்டெல் 486 மெஷின்களை 2,371 பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். மெஷின் மாறியது. வாத்தியாரின் தவிப்பு மாறவில்லை.

இப்போது பாண்டித்துரைத் தேவரிடம் வருவோம். தமிழ் வளர வேண்டும் என்று நினைத்த ஜமீன்தார், நாலு வண்டி புத்தகம் வாங்கி ஊருக்கு ஊர் இறக்கிவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை வந்தது. சொல்லிக்கொடுக்கச் செந்தமிழ்க் கலாசாலை, படித்தவனைச் சோதிக்கப் பரீட்சைகள், ஆராய்ச்சியை ஊருக்குக் கொண்டுபோக ‘செந்தமிழ்’ இதழ், அதை நடத்த ரா. இராகவையங்கார் போன்ற புலவர்கள். புத்தகம் கொடுத்தால் போதாது, அதைத் திறந்து காட்டும் ஆளையும் கொடுக்கணும் என்று 1901-லேயே ஒரு வறண்ட சீமை ஜமீன்தாருக்குத் தெரிந்திருக்கிறது. எண்பது வருஷம் கழித்து டெல்லிக்கு அது தெரியவில்லை!

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அதே வில்சனும் ஃபர்பரும் அடுத்து வடிவமைத்த சில்லு 1985 ஏப்ரலில் உயிர் பெற்றது. பெயர் ‘ஆர்ம்’. இன்று உலகத்தின் ஏறக்குறைய எல்லா செல்போனிலும் இருப்பது அதன் வாரிசுதான். பாலவனத்தம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் விளையாடிக்கொண்டிருக்கும் போனிலும்கூட! அன்றைக்குப் பூட்டிய ரூமுக்குள் இருந்தது, இன்று சட்டைப் பையில் இருக்கிறது. திறந்து காட்டும் ஆள்தான் இன்னும் பாக்கி.

அந்த ஆளாக நீங்களே ஏன் இருக்கக் கூடாது? இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டுப் பிள்ளையை மொட்டைமாடிக்குக் கூப்பிடுங்கள். ஆமை மாதிரி நடந்து ஒரு முக்கோணம் போடச் சொல்லுங்கள். எத்தனை டிகிரி திரும்பணும் என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்!