கிராஞ்சி நாட்டுப்புறமும் வாக்குரிமையும்

சிங்கப்பூர்த் தீவின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்துள்ளது கிராஞ்சி. கெராஞ்சி என்னும் மரத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று என்பர். நீர்த்தேக்கமும் போர் நினைவுக் கல்லறையும் இன்று அதன் அடையாளங்கள். முன்னாளிலோ அது ரப்பர்த் தோட்டமும் காய்கறித் தோட்டமும் பன்றி, கோழிப் பண்ணைகளும் சூழ்ந்த நாட்டுப்புறம். கிழக்கே செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக உழைத்தனர். இத்தகைய நாட்டுப்புறத்தார்க்கு அரசியலில் நாட்டமில்லை என்று நகரத்தார் கருதுவதுண்டு. தேர்தல் வரலாறு அக்கருத்தை மெய்ப்பிக்கின்றதா என ஆராய்வோம்.

1948 மார்ச் 20ஆம் நாள் சிங்கப்பூரில் முதல் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தின் 22 இடங்களுள் மக்கள் தேர்ந்தெடுத்தவை ஆறே. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்குரிமை. அவர்களும் தாமே சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தோர் 23,000 பேருக்கும் குறைவு. அவர்களுள் இந்தியரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த பங்கினும் மிகப் பெரிது. சீனத்தில் பிறந்த தோட்டக்காரருக்கோ பட்டியலில் இடமே இல்லை. ஆகவே, அவர்கள் வாக்களிக்காமை அசட்டையால் விளைந்ததன்று. கதவு அடைக்கப்பட்டிருந்ததால் விளைந்தது.

ரெண்டல் குழுவின் பரிந்துரைப்படி 1955இல் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 25 ஆயின. வாக்காளர் பெயர்கள் தாமாகவே பதியப்பட்டமையால் பட்டியல் சுமார் மூன்று லட்சமாகப் பெருகிற்று. எனினும் வாக்களித்தோர் பாதியினும் சற்றே மிகுதி. அவ்வாண்டு செம்பவாங் தொகுதி சுயேச்சையாக நின்ற அகமது இப்ராகிமைத் தேர்ந்தெடுத்தது. பினாங்கில் பிறந்த இவர் கடற்படைத் தளத்தின் தீயணைப்பு வீரர், தொழிற்சங்கவாதி. பின்னர் மக்கள் செயல் கட்சியில் சேர்ந்து அமைச்சரும் ஆனார். உழைப்போர் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததே அத்தொகுதியின் அரசியல் சாய்வைக் காட்டும்.

1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பல ஆயிரம் குடியேறிகளுக்கு வழி திறந்தது. தமிழர் குடியுரிமை பெற வேண்டுமென்று ‘தமிழ் முரசு’ நிறுவனர் கோ. சாரங்கபாணி இடைவிடாது வற்புறுத்தினார். 1959இல் வாக்களிப்பு கட்டாயமாயிற்று. வாக்களித்தோர் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல். ஆஸ்திரேலியா 1924இல் மேற்கொண்ட முறையே இது.

அந்த நாட்டுப்புறத்து ஓர் இடத்தின் மதிப்பை 1962 உணர்த்திற்று. ஆகஸ்ட் 21ஆம் நாள் அகமது இப்ராகிம் காலமானார். 51 இடங்கள் கொண்ட மன்றத்தில் ஆளுங்கட்சியின் பலம் 26இலிருந்து 25ஆகக் குறைந்தது. ஓரிடப் பெரும்பான்மையும் மறைந்தது. 1963 செப்டம்பர் 21 பொதுத்தேர்தலுக்கு முன் பிரதமர் லீ குவான் யூ தொகுதிதோறும் சுற்றுப்பயணம் செய்தார். சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியன நாட்டுப்புறத்தாரின் நாளாந்தத் தேவைகளாக இருந்தமையால், அவையே தேர்தல் பேச்சுமாயின. முடிவில் ஆளுங்கட்சி 37 இடங்களும், பாரிசான் சோசியாலிஸ் 13 இடங்களும் பெற்றன. செம்பவாங் ஆளுங்கட்சியிடமே நின்றது. அண்டைத் தொகுதிகளான புக்கிட் பாஞ்சாங்கும் சுவா சூ காங்கும் பாரிசான் பக்கம் சென்றன. தளத்துத் தொழிலாளி ஒரு வழியிலும், தோட்டத்து உழவன் மறுவழியிலும் நின்றனர் என இதனால் ஊகிக்கலாம். ஒரே நாட்டுப்புறம் ஒரே மனம் கொண்டதன்று.

கிராஞ்சிப் பகுதி வரலாறு கற்பிப்பது யாது? வாக்களிப்பு வீதம் குடிமக்களின் ஆர்வத்தை மட்டும் அளப்பதன்று. பட்டியலில் யாருக்கு இடமுண்டு, அந்த இடத்தை அடையும் வழி எத்துணை எளிது என்பவற்றையும் சேர்த்தே அளக்கிறது. 1948இல் வராதவன் 1959இல் வந்தான். மாறியது அவன் மனம் மட்டுமன்று, சட்டமும் மாறிற்று. வாக்குக் குறைவைக் கண்டு நாட்டுப்புறத்தாரைப் பழிக்குமுன், அவர்முன் திறந்திருந்த கதவுகளை எண்ணிப் பார்ப்பதே நேர்மை.