தூரமே முதற் சந்தை: ஆரம்ப இணைய நிறுவனங்களும் கல்லடித் தொழில்முனைவோரும்

முன்னுரை

1995இல் லங்கா இன்டர்நெட் நிறுவனம் கொழும்பில் வணிக இணையச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவில் இத்துறையில் முந்திக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மூன்றாம் ஈழப்போர் மூண்டது. மட்டக்களப்பின் கல்லடிக்கு அந்த முதல் அலை எட்டாத தொலைவிலேயே கடந்துபோனது. எனினும் மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றவர்களைப் போன்ற புலம்பெயர்ந்தோரை நம்பியே தெற்காசியாவின் முதல் இணைய நிறுவனங்கள் பல எழுந்தன. முதலில் யாரிடம் காசு வாங்குவது, பிறகு அந்த வட்டத்தைத் தாண்டி எப்படி வளர்வது என்ற இரு முடிவுகளே, தொழில்நுட்பத்தைவிட, அவற்றின் ஆயுளைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

தூரத்தை விற்றவர்கள்

1995 மார்ச்சில் மும்பையில் ராஜேஷ் ஜெயின் தொடங்கிய இந்தியாவேர்ல்ட், ஊர்ச் செய்திக்கு ஏங்கிய வெளிநாட்டு இந்தியரைக் குறிவைத்தது. 1997இல் அமெரிக்காவில் வேலைபார்த்த முருகவேல் ஜானகிராமன், தமிழ் நாட்காட்டியோடு சிஸ்இந்தியா என்ற தளத்தை நடத்தினார். அதில் ஒரு மூலையில் கிடந்த வரன் பகுதியைத்தான் மக்கள் தேடிவந்தார்கள். அதைக் கண்டு அவர் அப்பகுதியைத் தனியே பிரித்தார். அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் துலித் ஹேரத் ஆரம்பித்த கப்ருகா, வெளிநாட்டிலிருப்போர் இலங்கை உறவுகளுக்குப் பரிசு அனுப்பும் கடையாக அறிமுகமானது.

இவ்வகை வணிகத்தின் கணக்கு எளிது. ரொறொன்ரோவிலுள்ள மகன் அம்மாவின் பிறந்தநாள் கேக்குக்குக் கடனட்டையில் டொலராகக் கட்டுகிறார். கேக் சுடும் பேக்கரிக்கும் அதை வீட்டுவாசலில் கொடுப்பவருக்கும் கூலி ரூபாயில். வரவு முந்துகிறது, செலவு பிந்துகிறது. ஆகவே பெரிய முதல் தேவைப்படுவதில்லை. நேரில் வர முடியாத குறை தீர்வதால், மகனும் விலையில் பேரம் பேசுவது அரிது.

பிறர் பணத்தில் ஓடியவர்கள்

இதற்கு நேரெதிர் வழியில் போனது அமெரிக்காவின் வெப்வேன். மளிகையை வீட்டுக்கு அனுப்பும் தொழிலில் இலாபம் சொற்பம். அப்படியிருந்தும் முதலீட்டாளர் பணத்தை நம்பி, களஞ்சியங்கள் கட்டுவதற்கு 1999இல் பெக்டெல் நிறுவனத்தோடு 100 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2001 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது. சென்னையின் இணையச் சேவை நிறுவனமான சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்து, மறுமாதமே இந்தியாவேர்ல்டை 499 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. 2000 மார்ச் 10இல் 5,048 புள்ளியைத் தொட்ட நாஸ்டாக் அதன்பின் சரிந்தது. பின்னர் சிஃபி எனப் பெயர் மாறிய சத்யம் இன்ஃபோவே, பிற நிறுவனங்களுக்கு வலையமைப்பும் தரவு மையமும் வழங்கும் தொழிலில் கால்பதித்து இன்றும் நிற்கிறது. இந்தியாவேர்ல்டைப் பொறுத்தவரை, காலமறிந்து விற்றவருக்கே ஆதாயம்.

ஊருக்குள் இறங்கியவர்கள்

முதல் வட்டத்தைத் தாண்டி வளரும் இரண்டாம் முடிவுதான் கடினமானது. இந்தியாவில் கடனட்டையும் கணினியும் இல்லாத பெற்றோரிடம் போவதற்கு, பாரத் மேட்ரிமோனி கிளை அலுவலகங்கள் திறந்தது. வீடுதேடிச் சென்று காசாகவே கட்டணம் வாங்கியது. இணைய நிறுவனமொன்று ஆட்களை நடக்கவிட்டுத்தான் உள்ளூர்ச் சந்தையைப் பிடித்தது. 2017இல் அது இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தது. இலங்கையில் ஜிஃப்ரி சுல்ஃபர் 2015இல் தொடங்கிய வாடகை வாகனச் செயலியான பிக்மீயும் சொந்தமாக முச்சக்கரவண்டிகளை வாங்கிக் குவிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையே இணைத்தது. கட்டணத்தைக் கையில் காசாகக் கொடுக்கவும் இடமளித்தது.

முடிவுரை

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. வரவு டொலரிலும் செலவு ரூபாயிலும் அமைந்த தொழிலுக்கு அது எவ்வளவு பெரிய காப்பு என்பதை நாடே கண்டது. கல்லடியிலிருந்து இன்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதும் இளைஞருக்கும் இதே வாய்ப்பு உண்டு.

ஆனால் புலம்பெயர்ந்தோர் சந்தை தலைமுறையோடு தேயும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கேக் அனுப்புவதற்குக் கல்லடியில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். அந்த வருமானத்தைத் தொடக்க முதலாக மட்டுமே கருத வேண்டும். அதைக்கொண்டு, அருகிலுள்ள காத்தான்குடிக் கடைக்காரரும் படுவான்கரை விவசாயியும் ரூபாய் கொடுத்து வாங்கும் சேவையொன்றை உருவாக்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் இரண்டாம் முறையும் காசு கொடுத்த பிறகு வெளியார் முதலீட்டைத் தேடினால் போதும்.