முதல் அறுவையும் மறுவருகையும்: கீழ்த்தாடை அமீலோபிளாஸ்டோமா குறித்து

அமீலோபிளாஸ்டோமா, பல்லின் எனாமலை உருவாக்கும் திசுவின் மிச்சங்களிலிருந்து தாடை எலும்புக்குள் பிறக்கும் கட்டி. ஏறக்குறைய ஐந்தில் நான்கு கீழ்த்தாடையில், அதிலும் பெரும்பாலும் கடைவாய்ப் பகுதியில் வருகின்றன. புற்றுநோய் அல்ல, பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. இருந்தும், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சுரண்டி எடுத்தால் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. அறுவை செய்தவரின் கைத்திறனைக் குறைசொல்வது எளிது. ஆனால் காரணம் கட்டி குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டால், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களிலிருந்து வரும் நோயாளிக்கு முதல் அறுவையே முழுமையானதாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இக்கட்டியின் செல்கள் வேகமாகப் பெருகுவதில்லை; நுண்ணோக்கியில் பிரியும் செல்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அது முன்னேறுவது எலும்பைக் கரைத்து. கட்டிச் செல்கள் வெளியிடும் ஆர்.ஏ.என்.கே.எல். என்னும் புரதம், எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்டுகளைத் தூண்டுகிறது. இணைப்புத் திசுவைச் சிதைக்கும் நொதிகளும் வழிவிடுகின்றன. இறுகிய புறணி எலும்பைக் கட்டி துளைக்கத் திணறுகிறது. அதை வெளியே தள்ளி, அழுத்தினால் முட்டை ஓடுபோல் நொறுநொறுக்கும் அளவுக்கு மெலியச் செய்கிறது. உள்ளேயுள்ள பஞ்சு எலும்பிலோ மஜ்ஜை இடைவெளிகள் வழியே சிறு தீவுகளாகப் புகுந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் சோப்புக் குமிழிகள் போல் தெரியும் எல்லைக்குச் சில மில்லிமீட்டர் அப்பாலும் அத்தீவுகள் இருக்கும். சுரண்டும் கருவி குழியின் சுவரோடு நின்றுவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்ததுதான்.

இந்த நோய் நோயாளியை அவசரப்படுத்துவதே இல்லை. பெரும்பாலும் வலி கிடையாது. உதடு மரத்துப்போவதும் அரிது. கன்னம் சற்றே உப்பும், ஒரு கடைவாய்ப் பல் ஆடும். பல்லைப் பிடுங்கியும் வீக்கம் வற்றாதபோதுதான் சந்தேகம் எழும். கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே விரலை வைத்து, பின் நாக்குப் பக்கமும் தடவிப் பார்த்தால் இருபுறமும் எலும்பு புடைத்திருப்பது தெரிந்துவிடும். புதுச்சேரியின் கிராமப்புறம் இதில் வசதியற்ற பகுதியல்லவே என்று கேட்கலாம். உண்மைதான்: கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும் ஜிப்மரும் உள்ளன, அரியூரிலும் பிள்ளையார்குப்பத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. ஆனால் இந்த அருகாமை உதவுவது முதல் வருகைக்கு. மறுவளர்ச்சி ஐந்தாண்டுக்குள் பலருக்கும், பத்து, இருபது ஆண்டு கழித்துச் சிலருக்கும் வருகிறது. வலியே இல்லாத தாடைக்காக, நடவு நாளின் கூலியை விட்டுவிட்டு ஆண்டுதோறும் ஓ.பி.ஜி. என்னும் முழுத் தாடை எக்ஸ்ரே படம் எடுக்க ஒருவர் வருவார் என்று நம்பிச் சிகிச்சையைத் திட்டமிடுவது மருத்துவரின் வசதிக்கான கற்பனை.

தாடையை வெட்டுவது முகத்தையும் மெல்லும் திறனையும் குலைக்கும் என்ற மறுப்பு கனமானது. ஆனால் கீழ்விளிம்பு எலும்பு உறுதியாக இருந்தால் அதை விட்டுவைத்து வெட்டலாம். தொடர்ச்சியை அறுக்க நேர்ந்தால் காலின் ஃபிபுலா எலும்பைக் கொண்டு தாடையை மீட்டமைக்கலாம். இரண்டு முறை சுரண்டிய பின் மென்திசுவுக்குள் புகுந்துவிட்ட கட்டிக்குச் செய்யும் அறுவை இதைவிடப் பெரிது. மருந்து வந்துவிடுமே என்பது அடுத்த மறுப்பு. கீழ்த்தாடைக் கட்டிகளில் பெரும்பான்மையில் பி.ராஃப் வி600இ என்னும் மரபணு மாற்றம் இருப்பது 2014இல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் மருந்துகளால் கட்டி சுருங்கியதும் பதிவாகியுள்ளது. ஆனால் அறுவைக்கு இடமில்லாதவர்களுக்கான வழியாகவே அதை இப்போது கொள்ள முடியும். வலுவான விதிவிலக்கு, இளவயதினரிடம் மிகுதியாகக் காணும் ஒற்றை நீர்க்கட்டி வகை. அங்கே சிறிய அறுவை நியாயமே. ஆனால் சிறு துண்டுத் திசு ஆய்வு இதைத் தீர்மானித்துவிடாது; நீர்க்கட்டியின் சுவருக்குள் கட்டி புகுந்திருந்தால் அதன் போக்கு வழக்கமான வகையைப் போன்றதே. எடுத்த சுவர் முழுவதையும் ஆய்ந்த பின்தான் சுரண்டலை நிறைவான சிகிச்சை என்று எழுத வேண்டும். அப்படி எழுதினாலும், அடுத்த ஓ.பி.ஜி.க்கான தேதியை டிஸ்சார்ஜ் அட்டையில் குறித்து, அதன் நகலை அந்தக் கொம்யூனின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைகள் அனுப்ப வேண்டும்.