இளமைக்கு ஓர் ஊசி!

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் இருக்கிறது விரிஞ்சிபுரம். அங்கே மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் அரைவட்டமாக ஒரு கல் உண்டு. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வையுங்கள். நிழல் எந்த எண் மீது விழுகிறதோ, அதுதான் மணி! சாவி வேண்டாம், பாட்டரி வேண்டாம். ஒரே ஒரு சங்கடம்... அந்த நிழலைப் பின்னால் தள்ள முடியாது.

தள்ளிப் பார்த்தவர்கள் உண்டு!

1889, ஜூன் 1. பாரீஸில் விஞ்ஞானிகளின் கூட்டம். பிரௌன் செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் நிபுணர் பேச எழுந்தார். வயது 72. நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கி, தண்ணீர் கலந்து வடிகட்டி, அந்தச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். ‘மாடிப்படிகளில் மறுபடி ஓடி ஏறுகிறேன். கையில் பலம் கூடிவிட்டது’ என்றார். பலத்தைக் கருவி வைத்து அளந்தும் காட்டினார். உலகமே பரபரத்தது! ஊசி வியாபாரமும் சூடு பிடித்தது.

ஆனால், சுமார் ஒரே மாதத்தில் வந்த பலம் போயே போச்சு. ஆண் ஹார்மோன் தண்ணீரில் கரைவது மிக மிக அரிது. பெரியவர் போட்டுக்கொண்ட ஊசியில் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே இல்லை. வேலை செய்தது நம்பிக்கை!

நிஜமான ஹார்மோன் கைக்கு வந்தது 1935-ல்தான். ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் சுமார் 100 கிலோ காளை விரைகளிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 10 மில்லிகிராம். ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று பெயரும் வைத்தார்கள்.

நம்ம ஊர் மட்டும் சளைத்ததா என்ன? மகனிடம் இளமையைக் கடன் வாங்கிய யயாதியின் கதை நம்முடையதுதானே! 1938-ல், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியா, 76 வயதில், வெளிச்சம் புகாத குடிலில் தங்கிக் காயகல்ப சிகிச்சை எடுத்துக்கொண்டார். நாடே அதைப் பற்றிப் பேசியது. முதுமை என்னவோ விடவில்லை. 1946-ல், 84-வது வயதில் காலமானார்.

இவ்வளவு பெரிய மேதைகள் எதற்குத் தவித்தார்கள்? நாற்பதைத் தாண்டினால் இந்த ஹார்மோன் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவிகிதம் குறைகிறது. தசையும் கூடவே கரைகிறது. உண்மையிலேயே ஹார்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் சிகிச்சை தருவார். அது வேறு. மற்றவர்களுக்கு?

1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு பதில் வந்தது. டாக்டர் மரியா ஃபியாட்டரோன், முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது 86 முதல் 96 வரை! ஊசி கிடையாது, லேகியம் கிடையாது. காலால் எடையைத் தூக்கும் பயிற்சி, எட்டே வாரம். கடைசி வரை செய்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்!

ஆக, தொண்ணூறிலும் தசை காது கேட்காமல் இல்லை. நாம்தான் அதனுடன் பேசுவதை நிறுத்திவிடுகிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷெட்டுகளில் முப்பது, நாற்பது வருஷம் ஈரத்தோல் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? ‘நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்!’ தண்ணீர்க் குடம் பறிபோகும். காய்கறிப் பை பறிபோகும். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், ஹார்மோன் எடுத்தது போக மிச்சமிருந்த பலத்தை ஈஸிசேர் எடுத்துக்கொள்கிறது.

இன்று மாலை உங்கள் அப்பாவிடம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். தடுமாறினால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் எழுந்து உட்கார வையுங்கள். அந்தக் காய்கறிப் பையையும் அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

நிழலை நகர்த்த முடியாது. எழுந்து நிற்க முடியும்!